கண்ணாடிக் கண்

டேவிட் ஓ. ரஸ்ஸலின் ‘ஆம்ஸ்டர்டாம்’ (2022) படத்தை மூன்று முறை பார்த்திருக்கிறேன். முதல் முறை பாதியில் தூங்கிவிட்டேன். அது படத்தின் தப்பா, அன்றைய அலுவலக அலைச்சலின் தப்பா என்று தெரியாததால் இரண்டாவது முறை ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், காபியோடு உட்கார்ந்து பார்த்தேன். முழுசாகப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. மூன்றாவது முறை பார்த்ததற்குக் காரணம் கோபம். இடையில் அந்தப் படத்துக்கு அடிப்படையான நிஜ சம்பவத்தைப் படித்துவிட்டிருந்தேன். படித்தபிறகு, ‘சுமார் படம், விட்டுத்தள்ளு’ என்று போக மனசு வரவில்லை.

படம் வந்த புதிதில் விமர்சகர்கள் சொன்ன குறைகள் எல்லோருக்கும் தெரியும். பாத்திரங்கள் அதிகம், கதை சிக்கல், தொனி நிலையாக இல்லை. சுமார் 80 மில்லியன் டாலர் செலவழித்து எடுத்து, உலகம் முழுக்க வசூலித்தும் அதில் பாதிகூடத் தேறவில்லை. இதெல்லாம் சரிதான். ஆனால் இவை தொழில் சம்பந்தமான குறைகள். தொனி நிலையாக இல்லாத பல படங்களை நான் தலையில் வைத்துக் கொண்டாடியிருக்கிறேன். ‘ஆம்ஸ்டர்டாம்’ மீது என் வழக்கு வேறு. இந்தப் படம் தன் கையில் இருந்த கதையைப் பார்த்தே பயந்துவிட்டது. அந்தப் பயம் வெளியே தெரியாமல் இருக்கக் கிறுக்குத்தனம் செய்தது. நாமும் அதைப் பார்த்து ‘ஆகா, என்ன குவர்க்கி’ என்று சொல்லிக்கொண்டோம்.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1933, நியூயார்க். முதல் உலகப் போரில் ஒரு கண்ணை இழந்த டாக்டர் பர்ட் (கிறிஸ்டியன் பேல்), அவரோடு போரில் இருந்த கறுப்பின வழக்கறிஞர் ஹெரால்ட் (ஜான் டேவிட் வாஷிங்டன்), இருவரையும் போர் மருத்துவமனையில் பார்த்துக்கொண்ட நர்ஸ் வாலரி (மார்கோ ராபி). போர் முடிந்து மூவரும் ஆம்ஸ்டர்டாமில் கொஞ்ச காலம் கவலையில்லாமல் வாழ்ந்திருக்கிறார்கள். பதினைந்து வருஷம் கழித்து ஒரு கொலைப்பழி பர்ட், ஹெரால்ட் இருவர் மீதும் விழுகிறது. அதன் நூலைப் பிடித்துக்கொண்டு போனால், அமெரிக்க ஜனாதிபதியைத் தூக்கிவிட்டு ஒரு ஜெனரலைச் சர்வாதிகாரியாக உட்காரவைக்கப் பெரும் பணக்காரர்கள் போடும் சதியில் போய் நிற்கிறது. அந்த ஜெனரலாக ராபர்ட் டி நீரோ. வழியெங்கும் டெய்லர் ஸ்விஃப்ட், கிறிஸ் ராக், ரமி மாலெக், ஆன்யா டெய்லர்-ஜாய், பறவை பார்க்கும் உளவாளிகளாக மைக் மயர்ஸும் மைக்கேல் ஷானனும். திருப்பதி வரிசை மாதிரி நட்சத்திரங்கள். எல்லோரும் வருகிறார்கள், ஒரு விசித்திரம் செய்கிறார்கள், நகர்கிறார்கள்.

படத்தின் தொடக்கத்தில் ஒரு வாசகம் வரும்: இதில் நிறைய நிஜமாகவே நடந்தது என்று. என் கோபத்தின் ஆரம்பம் அந்த வாசகம்தான். நிஜமாக எது நடந்தது என்று பார்க்கலாம், வாங்க.

*

டி நீரோவின் பாத்திரத்துக்கு மூலம் ஸ்மெட்லி பட்லர். அமெரிக்க மரைன் படையின் மேஜர் ஜெனரல். 1898இல், பதினாறு வயதில், வயதைக் கூட்டிச் சொல்லிப் படையில் சேர்ந்தவர். பிலிப்பைன்ஸ், சீனா, நிகரகுவா, மெக்சிகோ, ஹைட்டி என்று அமெரிக்கா துப்பாக்கி தூக்கிக்கொண்டு போன இடமெல்லாம் போனவர். அந்நாட்டின் மிக உயர்ந்த வீரப்பதக்கத்தை இரண்டு முறை வாங்கியவர். 1931இல் ஒரு மேடையில், முசோலினி காரில் போகும்போது ஒரு குழந்தையை ஏற்றிவிட்டு நிற்காமல் போனார் என்று ஒரு கதையைச் சொல்லிவிட்டார். இத்தாலி கொதித்தது. அமெரிக்க அரசு இத்தாலியிடம் மன்னிப்புக் கேட்டு, தன் ஜெனரலையே கைதுக் காவலில் வைத்தது. அந்த வருஷமே பட்லர் ஓய்வு பெற்றார்.

1933 கோடையில் ஜெரால்ட் மக்வயர் என்ற பத்திர விற்பனையாளர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார். வால் ஸ்ட்ரீட்டில் கிரேசன் மர்ஃபி நிறுவனத்தில் வேலை. முன்னாள் படைவீரர்களின் மாநாட்டில் பட்லர் ஒரு பேச்சுப் பேச வேண்டும் என்று கேட்டார். எதைப் பற்றி? தங்க நாணய முறைக்கு அமெரிக்கா திரும்ப வேண்டும் என்பதைப் பற்றி! படைவீரர்களுக்கும் தங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று பட்லர் கேட்க, அவர்களுடைய போனஸ் பணம் ரப்பர் காசாக இல்லாமல் நல்ல காசாகக் கிடைக்க வேண்டாமா என்றாராம் மக்வயர். நியூவார்க்கில் ஒரு ஹோட்டல் அறையில் ஆயிரம் டாலர் நோட்டுகள் பதினெட்டைப் படுக்கையின்மேல் வீசிக் காட்டினார் என்றும் பட்லர் சாட்சியம் சொன்னார்.

தையல் மிஷின் கம்பெனியான சிங்கரின் சொத்துக்கு வாரிசு ராபர்ட் ஸ்டெர்லிங் கிளார்க். அவரும் பட்லரைப் பார்க்க வந்தார். பட்லரின் சாட்சியப்படி அவர் சொன்னதன் சாரம் இது: என்னிடம் முப்பது மில்லியன் டாலர் இருக்கிறது, அதை இழக்க விருப்பமில்லை, பாதியைச் செலவு செய்தாவது மீதிப் பாதியைக் காப்பாற்றிக்கொள்வேன். இதைவிட நல்ல நையாண்டி வசனத்தை எந்த வசனகர்த்தா எழுதிவிட முடியும்?

பிறகு மக்வயர் ஐரோப்பா போனார். இத்தாலி, ஜெர்மனி, பிரான்ஸ் என்று சுற்றி, அங்கே முன்னாள் படைவீரர்களை எப்படி அரசியலுக்குப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்தார். போன இடத்திலிருந்து பட்லருக்குப் போஸ்ட்கார்டு போட்டார். ஆட்சிக் கவிழ்ப்புக்கு ஆய்வுப் பயணம் போனவர் ஊர் படம் போட்ட அட்டை அனுப்புகிறார்! திரும்பி வந்து 1934 ஆகஸ்டில் ஃபிலடெல்ஃபியாவில் விஷயத்தைப் போட்டு உடைத்தார். ஐந்து லட்சம் முன்னாள் படைவீரர்கள், தலைமைக்கு பட்லர். ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு உடம்பு முடியவில்லை, பாரத்தைக் குறைக்க உதவிக்கு ஒரு ஆள் என்று சொல்லிவிடலாம், ஜனங்கள் நம்பிவிடுவார்கள்.

பட்லர் அந்த நவம்பரில் நாடாளுமன்ற விசாரணைக் குழுவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். மக்வயர் மறுத்தார். கிளார்க் விசாரணைக்கே வரவில்லை. ‘நியூயார்க் டைம்ஸ்’ தலையங்கம் இதைப் பெரும் புரளி என்று எள்ளியது. குழு வெளியிட்ட சாட்சியத்தில் சில பெரிய பெயர்கள் வெட்டப்பட்டிருந்தன. ஜான் ஸ்பிவக் என்ற பத்திரிகையாளர் அவற்றைக் கண்டுபிடித்து வெளியிட்டார். 1935இன் இறுதி அறிக்கை, இப்படி ஒரு முயற்சி பேசப்பட்டது, திட்டமிடப்பட்டது, பணம் போடுகிறவர்கள் தக்க சமயம் என்று நினைத்திருந்தால் நடந்தும் இருக்கலாம் என்றது. ஒருவர் மீதும் வழக்கு இல்லை. சதி எவ்வளவு தூரம் முற்றியிருந்தது என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். போடட்டும். கிளார்க்கின் பெயரில் இன்று மாசசூசெட்ஸில் அழகான ஒரு கலை அருங்காட்சியகம் இருக்கிறது. ரென்வாரின் ஓவியங்களுக்குப் பெயர் போனது.

*

இப்போது படத்துக்கு வருவோம். படத்திலும் ஒரு ஆள் வந்து ஜெனரலுக்குப் பணம் தருகிறேன் என்கிறான். படத்திலும் எழுதிக்கொடுத்த பேச்சு இருக்கிறது. ஆனால் சூத்திரதாரிகள் யார்? ‘ஐவர் குழு’ என்ற ஒரு ரகசியக் கும்பல். பெயரைக் கேட்டாலே சிறுவர் துப்பறியும் நாவலில் வரும் வில்லன் கூட்டம் மாதிரி இல்லை?

நிஜத்தில் இவர்கள் ஒளிந்து வாழ்ந்தவர்கள் இல்லை. 1934 ஆகஸ்டில் ‘அமெரிக்கன் லிபர்ட்டி லீக்’ என்று ஓர் அமைப்பு ரூஸ்வெல்ட்டின் கொள்கைகளை எதிர்க்கப் பகிரங்கமாகத் தொடங்கப்பட்டது. து போன் குடும்பத்தார் அதில் இருந்தார்கள். இரண்டு முன்னாள் ஜனாதிபதி வேட்பாளர்கள் இருந்தார்கள். பொருளாளர் யார் தெரியுமா? மக்வயரின் முதலாளி கிரேசன் மர்ஃபி. அவர் மீது எதுவும் நிரூபிக்கப்படவில்லை, உண்மை. ஆனால் நையாண்டிக்கு நீதிமன்ற நிரூபணம் எதற்கு? பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்துவிட்டு இயங்கும் அதிகாரம் எவ்வளவு அபத்தமானது என்று காட்டினால் போதும். படமோ அதிகாரத்தை இருட்டறைக்குள் தள்ளி, கதவைத் திறந்து ‘இதோ பிடித்துவிட்டோம்’ என்கிறது.

இன்னொரு உதாரணம் இன்னும் மோசம். படத்தில் ஒரு ரகசிய மருத்துவமனை வருகிறது. அங்கே ஆட்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்கிறார்கள். நாயகர்கள் அதைக் கண்டுபிடித்து அதிர்ச்சி அடைகிறார்கள். ஐயா, இதில் அதிர்ச்சி எங்கிருந்து வருகிறது? இந்தியானா மாநிலம் 1907லேயே இதற்குச் சட்டம் போட்டுவிட்டது. 1927இல் கேரி பக் என்ற இளம்பெண்ணின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் கட்டாயக் கருத்தடை செல்லும் என்று தீர்ப்பளித்தது. அந்த நூற்றாண்டில் அந்த நாட்டில் அறுபதாயிரத்துக்கும் அதிகமானவர்களுக்கு இப்படிச் செய்யப்பட்டிருக்கிறது. ஹிட்லரின் ஆட்கள் 1933இல் தங்கள் சட்டத்தை எழுதியபோது அமெரிக்க முன்மாதிரி அவர்கள் முன்னால் இருந்தது. 1933இல் ஒரு டாக்டரும் ஒரு வழக்கறிஞரும் இதை ரகசியமாகக் கண்டுபிடிக்கிறார்கள் என்றால், ஒருவர் மருத்துவ சஞ்சிகையையும் மற்றவர் சட்டப் புத்தகத்தையும் திறந்ததே இல்லை என்று அர்த்தம். பகலில், கையெழுத்தும் முத்திரையும் வைத்து நடந்த கொடுமையைப் படம் நாலு கெட்டவர்களின் இரவு வேலையாக மாற்றிவிட்டது. தேசத்தின் கணக்கிலிருந்து ஒரு பெரிய தொகையை எடுத்து வில்லன் கணக்கில் எழுதுவது மாதிரி.

*

எனக்கு மிகவும் வலிப்பது மூன்றாவது விஷயம், பட்லர்.

டி நீரோவின் ஜெனரல் ஒரு நேர்மையான கிழவர். விறைப்பாக நிற்பார், விலைபோக மாட்டார், சரியான நேரத்தில் சரியான பேச்சைப் பேசுவார். நன்றாகத்தான் நடித்திருக்கிறார். ஆனால் நிஜ பட்லர் இவ்வளவு துவைத்துக் காயப்போட்ட ஆள் இல்லை.

1917இல் ஹைட்டி அமெரிக்கப் படையின் பிடியில் இருந்தது. அந்நியர்கள் நிலம் வாங்க அனுமதிக்கும் ஒரு புதிய அரசியல் சட்டத்தை ஹைட்டி நாடாளுமன்றம் ஏற்க மறுத்தது. துப்பாக்கியோடு போய் அந்த நாடாளுமன்றத்தைக் கலைத்தது யார்? அங்கே காவல்படைக்குத் தலைவராக இருந்த ஸ்மெட்லி பட்லர். அந்தச் சட்டத்தை எழுதியதே நான்தான் என்று 1920 தேர்தல் பிரசாரத்தில் பெருமை அடித்துக்கொண்டது யார்? அப்போது கடற்படைத் துறையில் உதவிச் செயலாளராக இருந்துவிட்டு வந்திருந்த ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்.

கொஞ்சம் நின்று இதை யோசியுங்கள். அந்நிய நாட்டின் நாடாளுமன்றத்தைக் கலைத்த அனுபவசாலியிடம் வந்து, ‘இங்கேயும் கொஞ்சம் அதே மாதிரி’ என்று கேட்கிறார்கள். கவிழ்க்கப்பட வேண்டியவர், அந்த நாட்டுக்கு அரசியல் சட்டம் எழுதியதாகச் சொல்லிக்கொண்டவர். அமெரிக்கப் படை ஹைட்டியை விட்டுக் கடைசியாக வெளியேறியது 1934 ஆகஸ்டில். மக்வயர் ஃபிலடெல்ஃபியாவில் பட்லரிடம் திட்டத்தைச் சொன்னது அதே ஆகஸ்டில்! வெளியே அனுப்பிய சரக்கு அதே மாதத்தில் வீடு திரும்புகிறது. இந்த ஒரு முடிச்சை வைத்துக்கொண்டு ஓர் அபாரமான கறுப்பு நகைச்சுவை எடுத்திருக்கலாம். சிரித்துக்கொண்டே இருக்கும்போது தொண்டையில் முள் குத்தியிருக்கும்.

பட்லருக்கு இந்த முடிச்சு தெரிந்திருந்தது என்பதுதான் அவரைப் பெரிய ஆளாக்குகிறது. 1935இல், தன் வாழ்நாள் சேவையெல்லாம் பெருமுதலாளிகளுக்கும் வங்கிகளுக்கும் செய்த அடியாள் வேலைதான் என்று அவரே எழுதினார். ‘போர் என்பது ஒரு கொள்ளைத் தொழில்’ என்ற பொருளில் தலைப்பு வைத்து ஒரு சிறு நூலும் வெளியிட்டார். சதியை மறுத்த கையில் பழைய ரத்தம் இருந்தது, அதை அவர் மறைக்கவில்லை. படமோ கையைக் கழுவிவிட்டு, பதக்கத்தைத் துடைத்து மாட்டி, கைதட்டச் சொல்கிறது. குற்றவாளியாக இருந்து சாட்சியாக மாறிய ஒரு மனிதனை விட்டுவிட்டு ஒரு சிலையை எடுத்து வைத்திருக்கிறார்கள்.

*

இதையெல்லாம் வாட்ஸப்பில் கொட்டியபோது நண்பன் ஒருவன் பதில் போட்டான்: “மச்சி, உனக்கு வேணும்னா டாக்குமெண்டரி பாரு. சினிமான்னா கற்பனை இருக்கத்தான் செய்யும். எல்லாத்துக்கும் ஃபுட்நோட் கேட்டா எப்படி?”

நியாயமான கேள்வி. என் பதில் கொஞ்சம் பழைய இடத்திலிருந்து வருகிறது. தொல்காப்பியத்தின் செய்யுளியல் அங்கதத்தை இரண்டாகப் பிரிக்கிறது. பழியை நேராகச் சொன்னால் செம்பொருள் அங்கதம். மறைத்துச் சொன்னால் பழிகரப்பு அங்கதம். இந்தப் பாகுபாட்டை எந்த அரசியல் நையாண்டிப் படத்தின் மீதும் வைத்துப் பார்க்கலாம்.

ஆர்மாண்டோ இயனூச்சியின் ‘தி டெத் ஆஃப் ஸ்டாலின்’ (2017) செம்பொருள். பெரியா பெரியாவாகவே வருகிறார், குருஷேவ் குருஷேவாகவே வருகிறார். காலத்தைச் சுருக்கி, நிகழ்வுகளைக் கலைத்துப் போட்டு விளையாடுகிறார்கள். ஆனால் சிரிப்பு எல்லாம் ஒரே கிணற்றிலிருந்துதான் வருகிறது: பயம். தலைவர் விழுந்து கிடக்கும் அறைக்குள் போகக்கூட ஆள் பயப்படுகிறான். இதுவும் நட்சத்திரக் கூட்டம் நிறைந்த படம்தான், இதிலும் எல்லோரும் விசித்திரமானவர்கள்தான். ஒவ்வொரு விசித்திரமும் அந்தப் பயத்திலிருந்து முளைக்கிறது.

சாப்ளினின் ‘தி கிரேட் டிக்டேட்டர்’ (1940) பழிகரப்பு. ஹிட்லர் ‘ஹிங்கல்’ ஆகிறார், ஜெர்மனி ‘டொமேனியா’ ஆகிறது. அமெரிக்கா இன்னும் போரில் இறங்காத நேரம். திரை போட்டிருக்கிறார், ஆனால் கொசுவலை மாதிரித் திரை. உள்ளே யார் படுத்திருக்கிறார் என்று குழந்தைக்கும் தெரியும். குப்ரிக்கின் ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்’ (1964) படத்தையும் இங்கே சேர்க்கலாம். அதன் முடிவுக்காகப் போர் அறையில் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் கிரீம் பை எறிந்துகொள்ளும் காட்சியை எடுத்தார்கள். படத்தின் தொனிக்குப் பொருந்தாத வெறும் கூத்தாக இருக்கிறது என்று குப்ரிக் அதை வெட்டி எறிந்தார். எந்தக் கிறுக்குத்தனம் பழியைக் கூர்மையாக்குகிறது, எது மழுங்கடிக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ‘ஆம்ஸ்டர்டாம்’ முழுக்க அப்படி வெட்டி எறிந்திருக்க வேண்டிய பைகள் பறந்துகொண்டே இருக்கின்றன.

நண்பனுக்கு என் பதில் இதுதான். எனக்கு ஃபுட்நோட் வேண்டாம். பெயரை மாற்றட்டும், ஊரை மாற்றட்டும். பழி எங்கேயாவது இருக்க வேண்டும், அவ்வளவுதான். ‘ஆம்ஸ்டர்டாம்’ நேராகவும் சொல்லவில்லை, மறைத்தும் சொல்லவில்லை. பழியைக் கரப்பதற்குப் பதிலாகக் கரைத்துவிட்டது. கரைத்த தண்ணீரில் கடைசியாக அன்பு, கருணை, நட்பு, கலை என்று கொஞ்சம் சர்க்கரை போட்டுக் கொடுக்கிறது. வெறுப்புக்கு எதிராக அன்பு வேண்டாமா என்றால், வேண்டும்தான். ஆனால் பாதிச் சொத்தைச் செலவழித்து மீதியைக் காப்பாற்ற நினைப்பவனுக்கு யார் மீதும் வெறுப்பு இல்லை. அவனிடம் இருப்பது கணக்கு. கணக்குக்கு எதிராக வயலினை வாசித்து என்ன ஆகப்போகிறது?

*

படத்தில் பிடித்த விஷயங்களும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. இமானுவல் லுபெஸ்கியின் ஒளிப்பதிவில் பழுப்பும் தங்கமுமாக முகங்கள் மிதக்கின்றன. பேலின் கூன்முதுகும் ஓயாத பேச்சும் ஒரு தனி உயிர். கறுப்பின வீரர்கள் பிரெஞ்சுச் சீருடையில் போரிடும் பகுதி ஒன்று வருகிறது. சொந்த நாட்டுப் படை சேர்த்துக்கொள்ளாமல், நியூயார்க்கின் 369ஆம் படைப்பிரிவு பிரெஞ்சுத் தலைமையின் கீழ் போரிட்டது நிஜ வரலாறு. அந்தப் பகுதியில் படம் ஒரு நிமிஷம் கண் திறக்கிறது. அப்புறம் மறுபடி தூங்கிவிடுகிறது.

வாலரி ஒரு விநோதமான வேலை செய்வாள். காயம்பட்ட வீரர்களின் உடம்பிலிருந்து எடுத்த குண்டுச் சில்லுகளைச் சேர்த்து வைத்துக் கலைப்பொருள் செய்வாள். முதல் முறை பார்த்தபோது என்ன அழகான யோசனை என்று நினைத்தேன். அந்தக் காட்சியின் படத்தை நண்பர்களுக்கு அனுப்பியும் வைத்தேன். இந்தப் படம் வரலாற்றுக்குச் செய்ததும் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. உடம்பிலிருந்து எடுத்த சில்லைப் பளபளவென்று தேய்த்து அலமாரியில் வைத்துவிட்டது. ரசித்து அனுப்பி வைத்த நானும் அதில் கூட்டு.

நம்மில் பலர் அரசியல் படங்களை இப்போது இப்படித்தான் பார்க்கிறோம். தோற்றம் எப்படி, நிறம் எப்படி, கூட்டம் எப்படி, வைப் எப்படி. படம் யாரைத் தொட்டது என்று கேட்பதை விட்டுவிட்டோம். கேட்டால் ரசனை தெரியாதவன் ஆகிவிடுவோமோ என்று ஒரு கூச்சம். அந்தக் கூச்சம் இருக்கும்வரை நமக்கு இன்னும் பல ஐவர் குழுக்களைக் காட்டுவார்கள்.

பர்ட்டுக்கு ஒரு கண்ணாடிக் கண் உண்டு. அது அடிக்கடி கழன்று விழும், தரையில் தேடுவார்கள், அது படத்தின் தொடர் நகைச்சுவை. கண்ணாடிக் கண் பார்க்க நிஜக் கண் மாதிரியே இருக்கும். நம் பக்கம் திரும்பி இருப்பதால் நம்மைப் பார்ப்பதாக நினைத்துக்கொள்வோம்.

படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது, டி நீரோ பேசிய பேச்சுக்குப் பக்கத்தில் நிஜ பட்லரின் பழைய செய்திப்படத்தை ஓட்டுகிறார்கள். கறுப்பு வெள்ளையில் ஒல்லியான ஒரு மனிதர். காகிதத்தைப் பார்த்தும் கேமராவைப் பார்த்தும் கொஞ்சம் தடுமாறி, நடந்ததைச் சொல்கிறார். அலங்காரமே இல்லை. மூன்றாவது முறை நான் படத்தை அங்கிருந்துதான் தொடங்கினேன். இரண்டு தடவை அந்தத் துண்டைப் பார்த்துவிட்டு, பிறகு முதலிலிருந்து ஓடவிட்டேன். பத்து நிமிஷத்தில் நிறுத்திவிட்டேன்.